பொன் கட்டி விழுந்த மாடி

வாஷியிலிருந்து சத்திரபதி சிவாஜி முனையத்திற்குத் துறைமுக வழி மின்ரயிலில் நாள்தோறும் சென்று வருவோர் நம் வாசகருள் பலர். செம்பூரையும் வடாலாவையும் கடந்து, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடப்புறச் சன்னல் வழியே பழைய கிடங்குகளின் கூரைகளும் துறைமுக மதிலும் தென்படும். இருக்கை கிடைத்தவர் அவ்வேளையில் உறங்கிவிடுவர். கிடைக்காதவர் முன்னே நிற்பவரின் முதுகைத் தவிர வேறொன்றும் காணார். அந்த மதிலுக்கு அப்பால் எண்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இத்திங்கள் வாசகர்முன் வைக்க விரும்புகிறோம். கதை போலத் தோன்றினும் இது முற்றும் உண்மை.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் சரக்குக் கப்பல் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையை வந்தடைந்தது. கனடாவில் கட்டப்பட்டு, இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையிலிருந்து போர்ச் சரக்கேற்றி வந்த கப்பல் அது. அதனுள் இருந்தவற்றைக் கேட்டால் வாசகர் திகைப்பர். வெடிமருந்தும் குண்டுகளும் மட்டும் ஏறத்தாழ 1,400 டன். அவற்றோடு போர் விமானங்கள். வழியில் கராச்சியில் பஞ்சுப் பொதிகளும், எண்ணெய்ப் பீப்பாய்களும், பழைய இரும்பும், நாற்றம் சகிக்கவொண்ணாத மீன் உரமும் ஏற்றப்பட்டன. இவற்றுக்கிடையே 31 பெட்டிகளில் 124 பொன் கட்டிகள். போர்க்காலத்தில் தள்ளாடிய ரூபாயைத் தாங்குவதற்கென வந்த பொன் அது என்பர்.

பஞ்சுப் பொதிகள் கீழே, வெடிமருந்து மேலே. நம் வீட்டு அடுக்களையில் விறகுக் குவியலின்மேல் எண்ணெய்க் குடத்தை வைப்பவரை நாம் என்ன சொல்லுவோம்? போர் அவசரம் என்ற ஒரு சொல் எல்லா விதிகளையும் ஒதுக்கிவைத்தது. அபாயச் சரக்கு உள்ளது என்பதை அறிவிக்கும் சிவப்புக் கொடியும் ஏற்றப்படவில்லை. வெடிமருந்தை இறக்கிச் செல்லவேண்டிய படகுகள் உரிய காலத்தில் வாராமையால் இரண்டு நாள் வீணே கழிந்தது.

14ஆம் நாள், வெள்ளிக்கிழமை நடுப்பகலில், அயலில் நின்ற கப்பல்களில் இருந்தோர் சிலர் இக்கப்பலிலிருந்து மெல்லிய புகை கிளம்புவதைக் கண்டனர். அந்தக் கப்பலில் உள்ளவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எண்ணித் தத்தம் வேலையைப் பார்த்தனர். இரண்டு மணியளவில்தான் தீ என்ற கூக்குரல் எழுந்தது. முதலில் வந்தவை இரண்டே தீயணைப்பு வண்டிகள். சரக்கு இன்னதென்று அறிந்தபின் மேலும் பல வண்டிகள் விரைந்தன. ஏறத்தாழ 900 டன் தண்ணீர் கப்பலின் வயிற்றுக்குள் பாய்ச்சப்பட்டும் பஞ்சு அணையவில்லை. தண்ணீரே கொதித்தது. பஞ்சு எரியும் விதத்தை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. பொதியின் உள்ளே கனன்றுகொண்டேயிருக்கும் தீயை மேலே ஊற்றும் நீர் எட்டாது. கப்பலைத் துறையை விட்டு நடுக்கடலுக்கு இழுத்துச் செல்வதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று முடிவு செய்யவேண்டியவர்கள் பலராயிருந்தமையால் ஒருவரும் முடிவு செய்யவில்லை.

3.50 மணிக்குக் கப்பலை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. 4.06க்குக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. அரைமணி கழிவதற்குள் அதனினும் கொடிய இரண்டாவது வெடிப்பு. 12 கிலோமீட்டர் தொலைவில் இருந்த வீடுகளின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. இமயத்தின் அடியிலுள்ள சிம்லாவின் கருவிகளும் இந்த அதிர்வைப் பதிந்தன. அருகே நின்ற 'ஜலபத்மா' என்ற கப்பலின் ஒரு பகுதி கரைக் கிடங்கின்மேல் எறியப்பட்டது. எரியும் பஞ்சுப் பொதிகள் மாண்டவிப் பகுதியின் குடியிருப்புகள்மேல் மழைபோல் விழுந்தன. தானியக் கிடங்குகள் பற்றி, 50,000 டன்னுக்கு மேற்பட்ட உணவுப் பொருள் சாம்பலாயிற்று. வங்கத்துப் பஞ்சம் கோடிக்கணக்கானோரை வாட்டி ஓராண்டுகூட ஆகாத காலம் அது என்பதை நினைக்க நெஞ்சு வேகிறது.

இனிப் பொன்னின் கதை. துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், மூன்றாம் மாடியில் குடியிருந்த பார்சி அன்பர் ஒருவரின் வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு 28 பவுண்டு எடையுள்ள பொன் கட்டி ஒன்று தாழ்வாரத்தில் வந்து விழுந்தது. அவர் அதை அப்படியே அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். பரிசாகக் கிடைத்த 999 ரூபாயையும் துயர் துடைக்கும் நிதிக்கே அளித்துவிட்டார். ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கணக்கிட்ட அந்த எழுத்தரின் சிக்கனத்தை நாம் இன்றும் வியக்கிறோம்! பிற கட்டிகள் சேற்றிலிருந்து தேடி எடுக்கப்பட்டன. 1970களில் துறையை ஆழப்படுத்தியபோதும் பொன் கட்டிகள் வெளிப்பட்டன. பெட்டி இத்தனை, கட்டி இத்தனை, எடை இவ்வளவு என்று ஏடு தெளிவாக இருந்தமையால் கிடைத்தது எவ்வளவு, கிடையாதது எவ்வளவு என்று சொல்ல முடிந்தது.

இறந்தோர் எத்தனை பேர்? 800 என்பாரும் உளர். 1,300 என்பாரும் உளர். தீயணைப்புப் படையினர் 66 பேர் என்பது உறுதி. பைகுல்லாவிலுள்ள படைத் தலைமையகத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. ஏப்ரல் 14 நாடெங்கும் தீயணைப்புப் பணியாளர் நாளாகக் கொள்ளப்படுவதும் அவர்கள் பொருட்டே. நாம் மாங்காய்ப் பச்சடியோடு புத்தாண்டு கொண்டாடும் நாளும் பெரும்பாலும் அதுவே. ஆனால் அன்றாடக் கூலிக்கு மூட்டை சுமந்தவர்கள், கிடங்கு வாசலில் படுத்துறங்கியவர்கள், ஊரிலிருந்து முந்திய வாரம் வந்திறங்கியவர்கள் ஆகியோர் எந்த ஏட்டில் இருந்தார்கள்? கப்பல்துறைத் தொழிலாளரை முறையாகப் பதிவு செய்ய வகைசெய்யும் சட்டமே 1948இல்தான் இயற்றப்பட்டது. சரக்கு, கட்டடம் முதலிய உடைமை இழந்தோர் மனுக் கொடுத்து அரசிடம் இழப்பீடு பெற்றனர். பெயரே பதியாதவனுக்காக எவர் மனுக் கொடுப்பர்?

செய்தியும் அடைக்கப்பட்டது. ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே இதை உலகுக்கு அறிவித்தது. இந்தியப் பத்திரிகைகளோ போர்க்காலத் தணிக்கையால் மே மாதத்து இரண்டாம் வாரம்வரை விரிவாக எழுத இயலவில்லை. மகனைப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டுத் திருநெல்வேலியிலோ சேலத்திலோ காத்திருந்த தாய், அந்த ஒரு மாதமும் மணியார்டர் வாராததற்கு என்ன காரணம் கற்பித்துக்கொண்டிருப்பாள்?

தீயின் காரணத்தை ஆராய்ந்த விசாரணை, எதிரியின் சதி என்ற வதந்தியை ஏற்கவில்லை. யாரோ ஒரு தொழிலாளி புகைத்தெறிந்த துண்டாகலாம் என்ற கருத்தே நிலைபெற்றது. அந்த 'யாரோ' தம் தரப்பைச் சொல்ல வரவில்லை. வர உயிரோடும் இருந்திருக்கமாட்டார். பஞ்சின்மேல் வெடிமருந்தை அடுக்கச் சொன்னவர்களைவிடப் பீடி புகைத்தவர் பெரிய குற்றவாளி என்பதை ஒப்ப நம் மனம் இசையவில்லை.

விக்டோரியா கப்பல்துறை இன்று மண்ணிட்டு நிரவப்பட்டுவிட்டது. தாராவி, மாதுங்கா, செம்பூர்க் குடும்பங்களில் அக்காலத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்த பாட்டனாரோ பெரியப்பாவோ இருந்து, அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி வீட்டில் ஏதேனும் சொல்லக் கேட்டவர்கள் இருப்பின், அதனை ஓர் அஞ்சலட்டையிலாவது எழுதி நமக்கு அனுப்பக் கோருகிறோம். திரும்பி வாராதவர் எவரேனும் இருந்திருப்பின், அவர் பெயரையும் ஊரையும் தவறாது குறிப்பிடுக. இப்பக்கத்தில் இடமளிப்போம்.