செவிலியர் மாணவி சம்பளமில்லா ஊழியர் அல்ல

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் வீடுகளில் நடக்கும் பேச்சில் பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்கு, கணக்கென்றால் பயப்படுகிறவர்களுக்கு, சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவைத்த இடம் அது. எளிதான படிப்பு என்று நம்பிச் சேர்ந்தவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப்போகிறார்கள். எந்தப் பட்டம் கடினம் என்று பட்டிமன்றம் நடத்துவது நம் நோக்கமல்ல. ஆனால், இந்தப் படிப்பின் கஷ்டத்தில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. நோயாளியின் உயிருக்காக இருந்தே தீர வேண்டியது ஒன்று. நிர்வாகங்கள் தங்கள் வசதிக்காக ஏற்றிவைத்தது மற்றொன்று. முதலாவதில் யாரும் கைவைக்கக் கூடாது. இரண்டாவதை அரசு தலையிட்டு நீக்க வேண்டும்.

பாடத்தின் ஆழத்தை மட்டும் பார்த்தால், பி.இ. மாணவர்களைத் திணறடிக்கும் கணிதத் தாள்களுக்கு ஈடானது நர்ஸிங்கில் இல்லை. சி.ஏ. தேறுவது இதைவிட அரிது. இதை ஒப்புக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. நர்ஸிங்கின் பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் பருவத்திலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல் எல்லாம் வந்துவிடுகின்றன. மூன்றாம் பருவத்துக்குள் நுண்ணுயிரியலும் மருந்தியலும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றோடு கிளினிக்கல் போஸ்டிங். காலையில் வார்டு, பிறகு வகுப்பு, இரவில் கேர் பிளான், கேஸ் ஸ்டடி, லாக் புக் என்று நாள் முடிகிறது.

‘ஒரு லிட்டர் சலைன், எட்டு மணி நேரம்’ என்று மருத்துவர் எழுதிவிட்டுப் போவார். இருபது துளி சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர் என்ற கணக்கில் இறங்கும் டிரிப் செட்டாக இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி விழ வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால், பக்கத்துப் படுக்கையில் ஒருவர் வாந்தியெடுக்க, இந்த நோயாளியின் மகன் கேள்வி மேல் கேள்வி கேட்க, நின்றபடியே அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். வேகமாக ஓடவிட்டால் பலவீனமான இதயம் உள்ளவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். இருபது வயதுக்குள் இத்தகைய பொறுப்புக்குப் பழக்கும் இளநிலைப் பட்டங்கள் மிகச் சில.

வருகைப்பதிவு விதியும் அப்படித்தான். மற்ற கல்லூரிகளில் 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதிவிடலாம். நர்ஸிங்கில் வகுப்புக்கு 80 சதவீதம். பட்டம் வாங்குவதற்குள் வார்டுப் பயிற்சியில் நூற்றுக்கு நூறு. காய்ச்சலில் படுத்த நாட்களையும் பின்னர் ஈடுகட்டியாக வேண்டும். நம் கலைக் கல்லூரிகளில் காலையில் படித்துவிட்டு மாலையில் ஜவுளிக்கடையிலோ மருந்துக்கடையிலோ நிற்கும் மாணவர்கள் உண்டு. நர்ஸிங் மாணவிக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. ஏழை வீடுகளிலிருந்து அதிகம் பேர் வரும் படிப்பில் இது சிறிய விஷயமல்ல.

இருந்தாலும் இந்தக் கண்டிப்பைத் தளர்த்தச் சொல்ல மாட்டோம். தளர்த்தினால் என்ன ஆகும் என்பதை மத்தியப் பிரதேசம் காட்டிவிட்டது. போதிய வசதியின்றி நடந்த நர்ஸிங் கல்லூரிகளை ஆராயும்படி உயர் நீதிமன்றம் சிபிஐக்கு உத்தரவிட்டது. 2024-ல், கல்லூரிகளுக்குச் சாதகமாக அறிக்கை தர லஞ்சம் வாங்கியதாக அந்த சிபிஐயின் அதிகாரிகளே கைதானார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இனி, நீக்க வேண்டிய கஷ்டத்துக்கு வருவோம். ஆள் பற்றாக்குறையுள்ள மருத்துவமனைகளில் மாணவிகள் வரும் நாளில்தான் வார்டு ஒழுங்காக ஓடுகிறது என்பது துறையில் எல்லோரும் அறிந்த ரகசியம். ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவது, பார்மசியில் வரிசையில் நிற்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் பயிற்சிக் கணக்கில் எழுதப்படுகின்றன. ஸ்ட்ரெச்சர் தள்ள முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டிலும் அதையே செய்யவைத்தால் அது வேலை, கல்வியல்ல. டியூட்டர் பக்கத்தில் இல்லாத நைட் டூட்டியில் என்ன கற்பித்தல் நடக்கிறது? இங்கிலாந்தில் செவிலியர் மாணவர்கள் 4,600 மணி நேரம் படிக்கிறார்கள். அதில் பாதி நேரடிப் பயிற்சி. நம்மைவிட இலகுவல்ல. ஆனால், பயிற்சியில் இருப்பவரை வார்டின் ஊழியர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. ஜெர்மனியில் பயிற்சிக் காலத்திலேயே மாத ஊதியம் உண்டு. நம் செவிலியர்கள் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டு விமானம் ஏறுவதில் வியப்பென்ன?

2021-ல் வந்த பாடத்திட்டப்படி எட்டாம் பருவம் முழுக்க இன்டர்ன்ஷிப்: 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம். முழுநேர ஊழியரின் உழைப்பு அது. அதே வளாகத்தில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் மருத்துவ மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கிறது. தனியார் கல்லூரியின் நர்ஸிங் மாணவியோ அந்த ஆண்டுக்கும் கட்டணம் கட்டிவிட்டு டூட்டிக்குப் போகிறார்.

மொழிச் சிக்கலைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை. தமிழ்வழியில் உயிரியல் படித்து நல்ல மதிப்பெண் எடுத்தவர் ஒரே கோடை விடுமுறையில் ஆங்கிலப் பாடநூலுக்குள் தள்ளப்படுகிறார். நோயாளியிடம் பக்குவமாகப் பேசி ஊசிக்குச் சம்மதிக்கவைக்கத் தெரிந்தவர், தேர்வுத்தாளில் ஆங்கில வாக்கியம் அமையாமல் தோற்கிறார். இந்தத் தோல்வியால் எந்த நோயாளிக்கும் நன்மையில்லை.

இவ்வளவையும் தாண்டி வந்தவருக்கு என்ன கிடைக்கிறது? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வெழுதி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த செவிலியர்களுக்கு அப்போது கிடைத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017-ல் சென்னையில் அவர்கள் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. கேரளம் போராட்டங்களுக்குப் பிறகு 2018-ல் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது.

1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946-ல் நாட்டின் முதல் நர்ஸிங் பட்டப்படிப்புகள் வேலூரிலும் டெல்லியிலும் தொடங்கின. இந்த மரபைச் சொல்லிப் பெருமைப்படும் மாநிலத்திடம் நாம் கேட்பது அதிகமில்லை. பயிற்சி மாணவர்களை ஊழியர் கணக்கில் காட்டும் மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியின் அங்கீகாரத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இன்டர்ன்ஷிப் காலத்துக்கு அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் உதவித்தொகை நிர்ணயிக்க வேண்டும். தமிழ்வழி மாணவர்களுக்கு முதல் பருவத்துக்கு முன்பே சில வார மொழிப் பயிற்சியும் தமிழ் விளக்கத்தோடு கலைச்சொல் கையேடும் தர வேண்டும். இந்திய செவிலியர் மன்றத்தின் இடத்தில் தேசிய ஆணையத்தை அமைக்க 2023-ல் சட்டம் நிறைவேறிவிட்டது. டெல்லி விதி வகுக்கும்வரை தமிழக சுகாதாரத் துறை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த மாணவர் சேர்க்கை அறிவிப்புக்கு முன் இதற்கான அரசாணை வர வேண்டும்.