சளி சிரப் எழுதித் தர மாட்டேன் (கொஞ்சம் நீளமான த்ரெட்)

ஓ.பி.யில் தினமும் நடக்கிற சண்டை இது. ஒரேயடியா எழுதிடறேன். அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்குச் சாதாரண சளி இருமல்னா நான் சிரப் எழுதித் தர மாட்டேன். "கவர்மென்ட் ஆஸ்பத்திரி இல்லையா, மருந்து இல்லைன்னு கையை விரிக்கிறாங்க"ன்னு திட்டிட்டுப் போறவங்க போகலாம். மருந்து இருக்கு. உங்க குழந்தைக்கு அது தேவையில்லை.

2025 செப்டம்பர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாடா மாவட்டத்தில் சளி காய்ச்சலுக்கு சிரப் குடிச்ச குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்னுபோச்சு, கிட்னி செயலிழந்தது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தாங்க, பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள. அந்த கோல்ட்ரிஃப் சிரப் எங்கே தயாரானது? நம்ம சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் பார்மாவில். தென்னேரிக்காரங்க பைக்ல போயிட்டு வந்துடற தூரம். அதனால "எங்கேயோ வடக்குல நடந்தது"ன்னு யாரும் என்கிட்ட சொல்ல வேண்டாம்.

அந்த பேட்ச்சில் இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால். 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். பாட்டிலில் பாதி விஷம்னு வெச்சுக்கோங்க. பாராசிட்டமால் தண்ணியில லேசில் கரையாது, அதைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பாங்க. மருந்துக்கான தரத்தில் வாங்கினா விலை அதிகம். தொழிற்சாலை உபயோகத்துக்கான சரக்கை வாங்கி, டெஸ்ட் பண்ணாம ஊத்தினா இதுதான் நடக்கும். விஷம் இனிக்கும் வேற. குழந்தை முகம் சுளிக்காமக் குடிக்கும், அம்மாவுக்கும் சந்தேகம் வராது.

இது புதுசும் இல்ல. 1937-ல் அமெரிக்காவில் இதே விஷத்தால 100 பேருக்கு மேல செத்தாங்க, அடுத்த வருஷமே அங்கே சட்டம் வந்துச்சு. 1972-ல் சென்னையில குழந்தைகள். 1986-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரி. 2020-ல் ஜம்மு. 2022-ல் இந்திய சிரப் குடிச்சு காம்பியாவில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள். ஒவ்வொரு முறையும் "அதிர்ச்சி"ன்னு அறிக்கை விடறாங்க. எத்தனை தடவைதான் அதிர்ச்சி ஆவீங்க?

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தகவல் வந்ததும் ரெண்டே நாள்ல டெஸ்ட் பண்ணி விஷத்தைக் கண்டுபிடிச்சது. பாராட்டறேன். ஆனா அதே ஆய்வுல 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் கிடைச்சதே, அதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் முளைச்சதா? 2011-லிருந்து லைசென்ஸ் வெச்சிருந்த கம்பெனி அது. ரெண்டு ஆய்வாளர்களை சஸ்பெண்ட் பண்ணி, அக்டோபர்ல லைசென்ஸை ரத்து பண்ணிட்டா கணக்கு முடிஞ்சிடுமா? எந்த ஃபேக்டரியில எப்ப ஆய்வு நடந்துச்சு, என்ன கிடைச்சதுன்னு பொதுமக்கள் பார்க்கிற மாதிரி வெளியிடுங்க.

இப்ப என் சொந்தக் கூட்டத்துக்கு. சிரப் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கைது பண்ணப்போ மருத்துவ சங்கங்கள் கொதிச்சது நியாயம்தான். பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு டாக்டர் எப்படிப் பார்ப்பார்? முதல் குற்றவாளி தயாரிச்சவன். ஆனா குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் ரெண்டும் சேர்ந்த மருந்தை 4 வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு லேபிளில் போடணும்னு 2023 டிசம்பர்லயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிடுச்சு. கோல்ட்ரிஃப்பில் இருக்க வேண்டியதும் அதே ரெண்டோட பாராசிட்டமால்தான். விஷமே கலக்காத நல்ல பாட்டிலா இருந்தாலும் அது சின்னக் குழந்தைக்கான மருந்து இல்ல. இதைப் பத்தி நாம ஏன் சத்தமாப் பேச மாட்டேங்கிறோம்? சிரப் எழுதலைன்னா பேஷன்ட் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போயிடுவாங்கன்ற பயம். வேற காரணம் எனக்குத் தெரியல.

"சிரப் குடிச்சதும் நல்லா தூங்கினான் டாக்டர்"னு சொல்வாங்க. தூங்கத்தான் செய்வான். அந்த மருந்து மயக்கம் தரும். சளி குறைஞ்சதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலான சளி வைரஸால வருது, தானா போகும். இருமல் மட்டும் ரெண்டு வாரம் வரைக்கும் இழுக்கலாம். இருமறது சளியை வெளியேத்தற வேலை, அதை ஏன் அடக்கணும்? தாய்ப்பால், வெதுவெதுப்பான கஞ்சி, மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணி சொட்டு மருந்து, ஒரு வயசு தாண்டியிருந்தா கொஞ்சம் தேன் போதும். (ஒரு வயசுக்குள்ள தேன் வேண்டவே வேண்டாம். பாட்டிங்க கோவிச்சுக்காதீங்க.) விறகு அடுப்புப் புகையிலிருந்தும் அப்பாவோட பீடியிலிருந்தும் தள்ளி வைங்க.

எனக்கு நிஜமான பயம் நிமோனியா. சிரப் கொடுத்து "பார்க்கலாம்"னு மூணு நாள் ஓட்டிட்டு, நாலாவது நாள் நீலம் பாரிச்ச உதட்டோட தூக்கிட்டு வர்ற குழந்தை. உலகம் முழுக்க அஞ்சு வயசுக்குள்ள வருஷத்துக்கு ஏழு லட்சம் குழந்தைகள் வரைக்கும் நிமோனியாவில் சாகறாங்க. நேரத்தோட வந்தா பலருக்கு அமாக்ஸிசிலினே போதும்.

வீட்டிலயே பார்க்கலாம். குழந்தை அழாம இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்கறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குக் கீழன்னா 60, ஒரு வயசு வரைக்கும் 50, அதுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுதா, பால் குடிக்க முடியலையா, துவண்டு கிடக்கா, உதடு நீலமா? 108-ஐக் கூப்பிடுங்க, எண்ணிட்டு இருக்காதீங்க. நிமோகாக்கல் தடுப்பூசி ஆறாவது வாரம், 14-வது வாரம், ஒன்பதாவது மாசம் இலவசமாப் போடறோம். விட்டுப்போயிருந்தா அட்டையோட வாங்க.

"நாங்கல்லாம் சின்ன வயசுல குடிக்கலையா, ஒண்ணும் ஆகலையே"ன்னு கீழ ஒருத்தர் கமென்ட் போடுவார், தெரியும். ஆனவங்க கமென்ட் போட வர மாட்டாங்க சார்.

"பெரிய கம்பெனி சிரப்னா?" விஷம் இருக்கிற வாய்ப்பு குறையலாம். பலன் இல்லாதது அப்படியேதான்.

வீட்டில் பாதி பாட்டில் மிச்சம் இருக்கா? அண்ணனுக்கு வாங்கினதைத் தம்பிக்கு ஊத்தாதீங்க. அடுத்த தடவை வரும்போது பாட்டிலையும் கொண்டு வாங்க, லேபிளைப் படிச்சு எதுன்னு சொல்றேன்.