மர்மக் காய்ச்சல் என்று ஒன்றும் இல்லை

பத்திரிகைத் தொழிலில் நான் செய்த தவறுகளில் ஒன்றை இத்தனை வருடங்களுக்குப் பிறகு இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். அது 2006ஆம் ஆண்டின் இறுதிப்பகுதி. அந்த வருடம் ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டதனால் யாழ்ப்பாணக் குடாநாடு நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து தரைவழியாகத் துண்டிக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்றும் மூட்டுக்கள் வீங்கி ஆட்கள் எழுந்து நடக்கமுடியாமல் கிடக்கிறார்கள் என்றும் செய்திகள் வந்துகொண்டிருந்தன. கொழும்பில் செய்தி மேசையில் இருந்த எனக்கு, அங்கே சுகாதாரத் திணைக்களத்தில் தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் பொறுப்பிலிருந்த வைத்தியர் ஒருவர் தொலைபேசியில் ஒரு கணக்கைச் சொன்னார். எந்தப் பிரிவில், எந்தக் கிழமையில், எத்தனை பேர், எந்த வயதினர் என்று அரைமணி நேரம் பொறுமையாகச் சொன்னார். நானும் குறித்துக்கொண்டேன். மறுநாள் பத்திரிகையில் அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இருக்கவில்லை. ‘குடாநாட்டில் மர்மக் காய்ச்சல்; மக்கள் பீதி’ என்ற தலைப்பு மாத்திரம் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தத் தலைப்பைப் போட்டவன் நான்.

அவர் மீண்டும் அழைத்தார். கோபப்படவில்லை. “தம்பி, இதிலை மர்மம் எங்கை இருக்கு? ஆருக்கு, எங்கை, எப்ப எண்டு மூண்டையும் நான் சொன்னனான். பேர் மட்டும்தான் ஆய்வுகூடத்திலையிருந்து வரவேணும். பேர் தெரியாததெல்லாம் மர்மமோ?” என்று கேட்டார். அது சிக்குன்குன்யா என்பது பிறகு உறுதியானது.

யாருக்கு, எங்கே, எப்போது? ஒரு நிருபர் முதல்நாள் கற்றுக்கொள்கின்ற கேள்விகளும் இவைதான். தொற்றுநோயியலாளரும் நானும் ஒரே கேள்விகளைக் கேட்டே பிழைக்கிறோம். அவர் கேட்டுக் கணக்கெழுதினார். நான் கேட்டுவிட்டுப் பீதியை எழுதினேன். இந்த வேறுபாடு என்னோடு முடிந்துவிட்ட ஒன்றல்ல என்பதனாலேயே இதை எழுதவேண்டியிருக்கிறது.

இந்த வேலை எப்படி நடைபெறுகிறது என்பது படித்தவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் தெரியாது. எமது நாட்டில் அறிவிக்கப்படவேண்டிய நோய் ஒன்று இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தவுடனேயே, ஆய்வுகூட முடிவுக்காகக் காத்திராமல், சிகிச்சை அளிக்கும் வைத்தியர் 544ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பி நோயாளி வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக்குச் சென்று கிணற்றையும் வாளியையும் வளவையும் பார்த்து, அயலாரை விசாரித்து 411ஆம் இலக்கப் படிவத்தை எழுதுகிறார். கிழமைக்கொரு தடவை இவையெல்லாம் தொகுக்கப்பட்டு மாவட்டத்திலுள்ள பிராந்தியத் தொற்றுநோயியலாளருக்கும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கும் செல்கின்றன. அந்தத் தாள்களுக்கு முன்னால் அமர்ந்து, சென்ற கிழமை இரண்டாக இருந்தது இந்தக் கிழமை ஏழாகியிருப்பது ஏன், ஏழுபேரில் ஐந்துபேர் ஒரே குளத்தின் கீழ் வயல் செய்பவர்களாக இருப்பது ஏன் என்று கேட்பதே அவரது தொழில். அவருடைய வெற்றி கண்ணுக்குத் தெரியாது. அவர் காப்பாற்றியவனுக்குத் தான் காப்பாற்றப்பட்டது தெரியாது. சத்திரசிகிச்சை நிபுணருக்குப் பொன்னாடை போர்த்துகின்ற எமது சமூகத்தில் இவருக்கு நன்றி சொல்ல எவரும் வருவதில்லை.

‘நோயைக் குணப்படுத்தாமல் எண்ணிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எமது சொந்த வரலாறே பதில் சொல்கிறது. 1934 - 35 மலேரியாத் தொற்று இலங்கையில் சுமார் 80 ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின்னர் டிடிடி தெளித்தும் வீடுவீடாகத் தேடியும் நடத்திய இயக்கத்தின் பயனாக 1963இல் நாடு முழுவதிலும் பதிவானவர்கள் 17 பேர் மாத்திரமே. நோய் போய்விட்டது என்று ஆறுதலடைந்தோம். தெளிப்பதையும் நிறுத்தினோம், தேடுவதையும் தளர்த்தினோம். 1969இல் மலேரியா நோயாளரின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அந்த அடியைப் படிப்பினையாகக் கொண்டவர்கள் போர்க்காலத்திலும் எண்ணுவதைக் கைவிடவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தச் சான்றிதழ் கிடைத்த சில மாதங்களுக்குள்ளேயே, அதுவரை இங்கே காணப்படாத, நகரக் கிணறுகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. நோயே இல்லாத நாட்டில் நுளம்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இருந்தபடியால்தான் அது அகப்பட்டது. நோய் குறைந்த பிறகும் எண்ணிக்கொண்டிருப்பவருக்குச் சம்பளம் ஏன் என்று கேட்பது, கள்வன் வரவில்லை என்பதற்காகக் கதவைக் கழற்றி விற்பதைப் போன்றது.

இரண்டாவது வாதம் அதிகாரிகளுடையது. எண்களை வெளியில் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்பார்கள். எனது அனுபவத்தில் பீதி எண்களால் வந்ததில்லை. எண்கள் இல்லாத இடத்தில்தான் வந்திருக்கிறது. தாபன விதிக்கோவையின் பிரகாரம் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் மேலிடத்து அனுமதியின்றி ஊடகங்களுடன் பேசமுடியாது. காணிப் பிணக்கு ஒன்றில் இந்தக் கட்டுப்பாட்டை நியாயப்படுத்தலாம். ஒரு கிராமத்தின் குடிதண்ணீர் பற்றி அந்தக் கிராமத்துக்குச் சொல்வதற்குக் கொழும்பின் அனுமதி எதற்கு? மாகாண சபைகளுக்குச் சுகாதாரத்தைப் பகிர்ந்தளித்ததாகச் சொல்லிக்கொண்டு, வாயை மாத்திரம் கட்டிவைத்திருப்பது எந்த வகையான அதிகாரப் பகிர்வு?

அறிந்தவர்களைப் பேசவிடாத இடத்தில் அறியாதவர்கள் பேசுவார்கள். கொவிட் காலத்தில் அதைக் கண்டோம். தொற்றினால் இறந்தவர்களின் உடல்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசடையும் என்று காரணம் காட்டி 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம் மக்கள் தங்கள் ஜனாஸாக்கள் எரிக்கப்படுவதை ஒரு வருடத்துக்குக் கிட்டப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. தொற்றுநோயியலின் பெயரை அரசியல் இரவல் வாங்கியதே அங்கு நடந்தது. இரவல் கொடுக்க மறுத்துப் பேசியிருக்கவேண்டியவர்களுக்குப் பேசும் உரிமை இருக்கவில்லை.

தனியார் வைத்தியர்களையும் விட்டுவிடமுடியாது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு மாலைப்பொழுதில் நூறு நோயாளரைப் பார்த்துக் கட்டணம் வாங்க நேரமிருக்கிறது. ஒரு படிவத்தை நிரப்ப நேரமில்லை. அந்தப் படிவம் வராதபடியால் பரிசோதகர் போகாத வீட்டில் அடுத்த குழந்தை படுக்கையில் விழுகிறது. டெங்குவினால் 2017இல் மாத்திரம் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டு 400க்கும் அதிகமானோர் இறந்த நாடு இது.

இறுதியாக எமது சொந்த வீட்டுக்கு வருகிறேன். 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்குப் பிறகு வடமராட்சியில் சிலர் காய்ச்சலினால் அடுத்தடுத்து இறந்தபோது ‘மர்மம்’ என்ற சொல் செய்திகளில் மீண்டும் தலைகாட்டியது. மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டு எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. வெள்ளம் வடிந்த வயலில் வெறுங்காலுடன் இறங்குபவனுக்கு எலிக்காய்ச்சல் வருவது மர்மமா? சுகாதாரத் துறையினர் தடுப்பு மருந்தைக் கொண்டு திரிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் பதினெட்டு வருடங்களுக்கு முந்திய எனது தலைப்பைத் திரும்பவும் அச்சிட்டுக்கொண்டிருந்தோம்.

தொற்றுநோயியல் பிரிவு கிழமைதோறும் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையை வெளியிடுகிறது. அதில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, திருகோணமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி உண்டு. கல்முனைக்குத் தனி வரி உண்டு. எந்த மாவட்டம் கணக்கை உரிய நேரத்தில் அனுப்பியது என்பதுகூட அதில் இருக்கிறது. இராசிபலனுக்கு முழுப்பக்கம் ஒதுக்குகின்ற தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அந்த எட்டுப் பத்து வரிகளைத் தமிழில் போட ஒரு சிறு பெட்டி கிடைக்கவில்லை என்பது வெட்கக்கேடு. நான் ஆசிரியபீடங்களில் இருந்த காலத்திலும் போடவில்லை. ஆகவே இந்த வெட்கத்தில் எனக்குப் பெரிய பங்கு உண்டு.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கும் ஒரு சொல். பழைய மாணவர் சங்கங்களினூடாகவும் ஊர்ச்சங்கங்களினூடாகவும் நீங்கள் எமது வைத்தியசாலைகளுக்குக் கட்டிடங்களையும் இயந்திரங்களையும் வழங்குகிறீர்கள். பெருமைக்குரியதே. ஆனால், ஒரு பரிசோதகர் கிராமத்துக்குப் போவதற்கான எரிபொருளுக்கும் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் குளிர்பெட்டிக்கும் பெயர்ப்பலகை பொறிக்கமுடியாது என்பதற்காக அவற்றை மறந்துவிடாதீர்கள்.

பிராந்தியத் தொற்றுநோயியலாளர்கள் தமது மாவட்டத்தின் கணக்கைத் தமது மாவட்ட மக்களுக்கு, அவர்களது மொழியில், எவரிடமும் கைகட்டி நிற்காமல் கிழமைதோறும் சொல்வதற்கு எழுத்துமூலமான உரிமை வேண்டும். அதைப் பிரசுரிக்கும் கடமையைப் பத்திரிகைகள் ஏற்கவேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்த வைத்தியர் இளைப்பாறி நெடுங்காலமாகிவிட்டது. அவர் சொல்ல நான் குறித்துக்கொண்ட தாள் இப்போது என்னிடம் இல்லை. அந்தத் தலைப்பு மாத்திரம் எழுத்துக்கு எழுத்து ஞாபகத்தில் இருக்கிறது.