தேங்காய் எண்ணெய் மாதிரிதான்... ஆனா, சூடு மட்டும் போதாது!

மார்கழி வந்தால் தேங்காய் எண்ணெய் உறையும். வெயிலில் வைத்தால் இளகிவிடும். அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற குளிர்ப் பிரதேசங்களில், தூண்டிலில் மாட்டும் பிளாஸ்டிக் புழுக்களை வீட்டிலேயே வார்ப்பவர்களுக்கும் இதே தலைவலிதான்.

1949-ல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் - காஸ்மா தம்பதி வீட்டில் செய்து பார்த்த புழுதான் இதற்கு முன்னோடி.

இதற்கான திரவத்தின் பெயர் பிளாஸ்டிசால். பார்க்கப் பால்போல இருக்கும். பி.வி.சி தூள், எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் கரையாமல் மிதக்கிறது. நாளாக ஆக தூள் அடியில் தங்கும். குளிரில் திரவமும் கெட்டியாகிவிட்டால் கலக்குவது பெரும்பாடு.

கலக்காமல் மேலாக ஊற்றிக் காய்ச்சினால் முதலில் வார்க்கும் புழு கொழகொழ. கேனின் அடியில் மிஞ்சியதில் வார்ப்பது விறைப்பு! எனவே, கேனை வீட்டுக்குள் வைத்து, குளிர் விட்ட பிறகு அடிவரை கலக்க வேண்டும். சில்லென்ற கேனை உடனே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியலாம். சுமார் 177 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சும்போது, ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் தெறித்துத் தோலைப் பொசுக்கிவிடும்.

அச்சும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வால் நுனியை எட்டும் முன்பே பிளாஸ்டிக் இறுகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடிவிட்டுக் காய்ச்சுவது. சூடு மீறிக் கருகினால் வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்.

குளிர்ந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்!