தெருவிளக்கு எரியலையா? எம்.எல்.ஏ.வைத் தேடாதீங்க!

ஓட்டு கேட்டு வரும் எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் மக்கள் கேட்பது என்ன? சாக்கடை, குடிதண்ணி, தெருவிளக்கு. அவரும் ‘செஞ்சிடலாம்மா’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். உண்மையில் சட்டம் இயற்றுவதும், அரசின் செலவைக் கேள்வி கேட்பதும்தான் எம்.எல்.ஏ.வின் முதல் வேலை. தெருவிளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. இதை எந்த வேட்பாளரும் சொல்ல மாட்டார். சொன்னா ஓட்டு போயிடுமே!

கிராமத்தில் இதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருமே அதன் உறுப்பினர்கள்தான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டும். ஊராட்சியின் வரவு செலவும், நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலும் அங்கேதான் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். மக்கள்தொகை 500 வரை என்றால் குறைந்தது 50 பேர் வர வேண்டும். 10,000-ஐத் தாண்டினால் 300 பேர். இந்தக் கணக்கு ஊருக்குத் தெரியாதவரை, நாலு பேர் உட்கார்ந்து எழுதுவதும் ‘தீர்மானம்’தான்.

பள்ளியில் இது பாடமாகவே இருக்கிறது. ‘73-வது திருத்தம், 1992’ என்று மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்குகிறார்கள். ஆனால், தீர்மானப் புத்தகம் எப்படி இருக்கும் என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் மாணவர்களை, அன்றே நடக்கும் கிராம சபையில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கலாமே? அதற்குத் தனியாக நிதி ஒதுக்கவும் தேவையில்லை.

கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போட்டு, தீர்மான நகலைக் கேட்கலாம்.