பெரியப்பா துப்பாக்கியைத் தொலைத்த கதை – சிரித்தவர்களுக்கு

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள், ஆனால் முழுசாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவின் பழைய போட்டோ வந்தது. அரைக்கை சட்டை, மீசை, தோளில் துப்பாக்கி. கூடவே "பெரியப்பா ரைபிளைத் தொலைச்ச கதை" என்று பத்து வரி. காட்டுக்கு வேட்டைக்குப் போனார், பன்றியைச் சுட்டார், பன்றியோடு இறங்கி வந்தார், துப்பாக்கியைக் காட்டிலேயே விட்டுவிட்டார். "பன்னி வந்துச்சு, துப்பாக்கி வரல" என்று முடித்திருந்தார்கள். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதை என் மாணவன் ஒருவன், எங்கள் குடும்பத்தில் பெண் எடுத்தவன், ஃபேஸ்புக்கில் போட்டான். "அந்தக் காலத்து கெத்து" என்று கீழே கமெண்ட்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அது ரைபிள் இல்லை. இரட்டைக்குழல் துப்பாக்கி, பன்னிரண்டு போர். ரைபிள் குழலுக்குள் முறுக்கு வரிகள் இருக்கும், ஒரு குண்டு நேராகப் போகும். இதில் தோட்டாவுக்குள் ரவைகள், சுட்டால் பரவிப் போகும். வாத்தியார் புத்தி, விட மாட்டேன் என்கிறது.

இரண்டாவது திருத்தம் பெரியது. அந்தக் கதையில் ஒரு ஆள் குறைகிறார். அன்று அந்தக் காட்டில் நானும் இருந்தேன். எனக்கு 12 வயது. அங்கே போனவர்களில் இன்று உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். அதனால் சொல்கிறேன்.

1967. அண்ணா முதலமைச்சரான வருஷம். முழுப்பரீட்சை லீவு, சித்திரைக் கடைசி. பச்சைமலை அடிவாரம். வெயில் காலத்தில் ஓடைகள் வற்றிவிடும், தண்ணீர் நிற்கிற ஒன்றிரண்டு குட்டைகளுக்கு விலங்குகள் ராத்திரியில் வந்தே ஆக வேண்டும். அங்கே போய் உட்கார்ந்திருப்பதற்குப் பேர்தான் வேட்டை. தாகத்தோடு வருகிற உயிரை இருட்டில் லைட் அடித்துக் கண்ணைக் கூச வைத்துச் சுடுவது. இதில் கெத்து எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை.

போனது ஐந்து பேர். பெரியப்பா, அவருடைய சிநேகிதர் ஒருவர், எங்கள் பண்ணையாள், வழிகாட்ட மலை ஊர்க்காரர் ஒருவர், ஐந்து செல் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு நான். மலை ஊர்க்காரர் மலையாளிப் பழங்குடி. கேரளத்து மலையாளி இல்லை, பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன்மலையெல்லாம் காலங்காலமாக வாழ்கிற மக்கள். எங்கள் வீட்டுக் கதையில் அவருக்குப் பேர் கிடையாது. "மலைக்காரன்" என்பார்கள். போன வாரம் வந்த பத்து வரியில் அதுவும் இல்லை. அவர் பேர் எனக்குத் தெரியும். அவருடைய பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

பன்றி விழுந்தது. சந்தோஷத்தில் பெரியவர்கள் இருவரும் பாட்டிலைத் திறந்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்தது, 1971-இல்தான் தளர்த்தினார்கள். ஆக அந்த பாட்டிலே ஒரு குற்றம். நின்ற இடம் காப்புக்காடு, வேட்டையாட அனுமதிச்சீட்டு இல்லை, அது இரண்டாவது. இந்த இரண்டையும் மறந்துவிடாதீர்கள், மீதிக் கதை இதில்தான் தொங்குகிறது.

பன்றியைக் கம்பில் கட்டினார்கள். பெரியப்பா கை கழுவ ஓடைப் பக்கம் போனார். போகும்போது தோளில் துப்பாக்கி இருந்தது. அங்கே ஒரு வழுக்குப் பாறை. திரும்பி வரும்போது துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தோளில் துப்பாக்கி இல்லை. நான் பார்த்தேன். பண்ணையாள் எடுத்து வருவார் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவர் கையில் இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அடிவாரம் வந்த பிறகுதான் "துப்பாக்கி எங்கடா?" என்ற கேள்வி வந்தது. மலைக்காரர் அதற்குள் தன் பங்குக் கறியை வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

விடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன், "ஓடைகிட்ட பெரியப்பா வெறுங்கையோடதாம்ப்பா வந்தாங்க." "பெரியவங்க பேசுற எடத்துல உனக்கென்ன வேலை?" என்றார். அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். ஆள் அனுப்பித் தேடினார்கள், வேறு ஓடையில். மத்தியானத்துக்குள் ஸ்டேஷனில் புகார் போய்விட்டது. தொலைந்தது என்று இல்லை, திருட்டு என்று.

ஏன் திருட்டு? துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர் அது தொலைந்தால் உடனே பக்கத்து ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின்படி கொடுக்கிற லைசென்ஸின் நிபந்தனைகளிலேயே அது இருக்கிறது. தெரிவித்தால் அடுத்த கேள்வி எங்கே, எப்படி என்று வரும். காப்புக்காட்டில், ராத்திரியில், குடித்துவிட்டு என்று சொல்ல முடியுமா? லைசென்ஸும் போகும், ஊரில் மரியாதையும் போகும். வீட்டுத் திண்ணையிலிருந்து திருட்டுப் போனது என்று சொன்னால் எல்லாம் நேராகிவிடும். ஒரே ஒரு திருடன் மட்டும் வேண்டும். "அந்த மலைக்காரன் ரெண்டு நாளா இந்தப் பக்கம் சுத்திக்கிட்டு இருந்தான்" என்று ஒரு வரி போதுமானதாக இருந்தது.

கணக்கு வாத்தியாராக இல்லாவிட்டாலும் ஒரு கணக்குக் கேட்கிறேன். இறங்கி வரும்போது கம்பின் முன்முனை அந்த மனிதரின் தோளில், பின்முனை பண்ணையாள் தோளில். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்திருந்தார். வழி முழுக்க நான் அவர் முதுகில்தான் டார்ச் அடித்துக்கொண்டு வந்தேன். நாலடி நீளத் துப்பாக்கியை அவர் எங்கே ஒளித்திருப்பார்? இதை அங்கிருந்த எல்லோரும் யோசித்திருக்க முடியும். ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். என்ன நடந்தது என்று விவரிக்க மாட்டேன். வெளியே வந்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. தேன் எடுப்பவர் அவர். பாறையில் கொடியைப் பிடித்து இறங்குகிற கை அது. அதன் பிறகு அவர் தேனுக்குப் போகவில்லை.

அந்த மூன்று நாளில் ஒரு நாள் ஏட்டையா எங்கள் வீட்டுக்கு வந்தார். மோர் குடித்தார். திண்ணையில் இருந்த என்னைப் பார்த்து, "தம்பி, நீ எதாச்சும் பாத்தியா?" என்றார். அப்பா பக்கத்தில் நின்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

58 வருஷம் ஆகிறது. 34 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன், உண்மை பேசு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தத் தலையாட்டலை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் துப்பாக்கி கிடைத்தது. அதே ஓடை, அதே பாறை. ஆடு மேய்க்கப் போன ஒரு பெண் பிள்ளை, என்னைவிடச் சின்னவள், பார்த்திருக்கிறாள். இடது குழலில் சுடாத தோட்டா அப்படியே இருந்தது. அவள் விளையாட்டாக எடுத்து விசையை இழுத்திருந்தால்? எங்கள் குடும்பக் கதையில் இந்த வரியும் கிடையாது.

இன்னொன்று. அவள் தகப்பனார் அதைக் கீழே கொண்டுவர இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தாராம். ஏன் பயப்பட மாட்டார்? தொலைத்தவருக்கு மோர், ஆறுதல். வழிகாட்டியவருக்கு உதை. அப்படியானால் கண்டெடுத்தவருக்கு என்ன? ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். புகார் முடிந்தது. பெரியப்பாவின் லைசென்ஸ் அப்படியே இருந்தது. மலைக்காரரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கே அது சிரிப்புக் கதையாகிவிட்டது.

இனி நீங்கள் சொல்லப்போகிறவை எனக்குத் தெரியும்.

"பெரியப்பா நல்லவர், போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா?" அவர் நல்லவர்தான். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது ஃபீஸ் கட்டியது அவர். ஊரில் எத்தனையோ கல்யாணத்துக்கு நெல் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர்கள், தங்கள் மரியாதைக்கு ஆபத்து என்று வந்தால், இன்னொரு மனிதனின் கையை ஒடிக்கக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். பயப்பட வேண்டியதே இதற்குத்தான். கெட்டவர் செய்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன்.

"அந்தக் காலத்தில் வேட்டை சட்டப்படி சரி." துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது, காட்டுக்கு இல்லை. வேட்டையை வீரமாகப் பேசுகிறவர்கள் ஜிம் கார்பெட் பேரை இழுப்பார்கள். சவுகர் ஆட்கொல்லிப் புலியை அவர் சுட்டபோது இடது கையில் ஒரு பறவையின் இரண்டு முட்டைகள் இருந்தன, வலது கையில் ரைபிள். முட்டையும் உடையவில்லை, ரைபிளும் கையை விட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் துப்பாக்கியை விட்டுவிட்டுக் கேமராவைத்தான் அதிகம் எடுத்தார். துப்பாக்கியை ஓடையில் சாய்த்து வைத்துவிட்டு மறந்து போனவர்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

"பன்றியால் விவசாயி படுகிற பாடு உங்களுக்குத் தெரியுமா சார்?" தெரியும். ஒரே ராத்திரியில் என் மரவள்ளிக் கொல்லையும் போயிருக்கிறது. அதற்கு வழி வனத்துறையிடம் கேட்பது. 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அரசு முடிவெடுத்தது. போதவில்லை என்றால் போராடுங்கள், மனுக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ராத்திரி குட்டைக்குப் பாட்டிலோடு போனவர்கள் விவசாயத்தைக் காக்கப் போகவில்லை.

இப்போது இளவட்டங்களுக்கு. உங்களில் சிலர் அந்தப் போட்டோவுக்குக் கீழே ஏர்கன்னோடும், கண்ணியில் மாட்டிய முயலோடும் உங்கள் படங்களைப் போட்டிருந்தீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, துரத்துவது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். முயலுக்கும் சேர்த்துத்தான். மூன்று வருஷம் வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பட்டியலின் முதல் பிரிவில் உள்ள விலங்கு என்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாது. பிடிபட்ட ஆயுதமும் வண்டியும் அரசாங்கச் சொத்து. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டம் தனி. மலை மாவட்டங்களில் போலீசாரும் வனத்துறையும் "தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று ஊர் ஊராகச் சொல்லிக் கள்ளத் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. இன்றும் உங்களோடு துணைக்கு வருகிறவர் யார் என்று பாருங்கள். நாளை ரேஞ்சர் வந்தால் உங்கள் அப்பா வக்கீலைக் கூப்பிடுவார். வழிகாட்ட வந்தவருக்கு யார் இருக்கிறார்கள்? 1967-இல் நடந்தது அப்படியே திரும்ப நடக்கும்.

பெரியப்பாவின் போட்டோவை அழிக்கச் சொல்லவில்லை. அது நம் குடும்பத்துப் படம், இருக்கட்டும். அதன் கீழே இருக்கிற பத்து வரியை எடுத்துவிட்டு, இந்தப் பதிவைப் போடுங்கள். இனி கல்யாண வீட்டிலோ காது குத்திலோ யாராவது அந்தக் கதையை ஆரம்பித்தால், மலைக்காரரின் விரல்கள் வரை சொல்லச் சொல்லுங்கள்.

அந்த மனிதர் இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் மகன் இருக்கிறார். வருகிற தை மாதம் நான் மேலே போகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. ஏட்டையாவிடம் சொல்லாததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பாவின் பிள்ளைகளில் யாராவது என்னோடு வந்தால் நல்லது. வராவிட்டாலும் போவேன். என் முட்டி இன்னும் மலை ஏறும்.

திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள், நேரிலோ போனிலோ. சிரிப்புப் பொம்மை மட்டும் போடாதீர்கள்.