பூச்சியை நசுக்காதீங்க, ஒட்டி வையுங்க!



நம்ம கம்ப்யூட்டர் ரெக்கார்டு நோட்டை வெளியூர்க்காரர் யாராவது புரட்டிப் பார்த்தால் அசந்து போய்விடுவார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லா நிரலும் ஒரே தடவையில் ஓடியிருக்கும். ஆனால் லேப்புக்குள் ஐந்து நிமிஷம் நின்றால் தெரியும் நம்ம வண்டவாளம். "சார், எர்ரர் வருது சார்!", "மிஸ், எனக்கும் மிஸ்!" இதுதான் பீரியட் முழுக்கக் கோரஸ். அந்த எர்ரர் எல்லாம் எங்கே போச்சு? ரெக்கார்டில் ஒன்றுகூடக் கிடையாது. இது நல்லதில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நிரலில் வரும் பிழைக்கு 'பக்' என்று பெயர். பக் என்றால் பூச்சி. இந்தப் பேச்சு கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே இருந்தது. கருவிகளில் வரும் சின்னச் சின்னக் கோளாறுகளை 1878-லேயே எடிசன் ஒரு கடிதத்தில் 'பக்' என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் 1947 செப்டம்பர் 9 அன்று நிஜமாகவே ஒரு பூச்சி மாட்டியது! அமெரிக்காவின் ஹார்வர்டில் உருவான மார்க்-2 என்ற ராட்சதக் கணிப்பொறியில், ரிலேக்களில் ஒன்றுக்குள் விட்டில்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. (ரிலே என்றால் மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்.)

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊதித் தள்ளிவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுதவில்லை. பூச்சியைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினார்கள். மாலை 3.45 மணி, 'எஃப்' பலகை, 70-ஆம் ரிலே என்று இடம், நேரம் எல்லாம் குறித்தார்கள். நிஜமான பக் கிடைத்த முதல் சம்பவம் இதுதான் என்று ஒரு கிண்டல் வரியும் சேர்த்தார்கள். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பிரபலமாக்கினார். அந்தப் பக்கம் இன்றைக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பூச்சியோடு பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கணிப்பொறி போட்ட கணக்கு நமக்குத் தெரியாது, அதைக் கெடுத்த பூச்சியைத் தெரியும்!

இங்கே பயாலஜி குரூப் நண்பர்கள் கை தூக்குவார்கள். "விட்டில் எப்படிப்பா பக் ஆகும்?" நியாயமான கேள்வி. விலங்கியலில் பக் என்பது ஹெமிப்டெரா வரிசையைச் சேர்ந்த பூச்சி. ஊசி மாதிரி வாயால் குத்தி உறிஞ்சும். மூட்டைப்பூச்சி, கதிர் நாவாய்ப்பூச்சி, மாவுப்பூச்சி, சில்வண்டு எல்லாம் அந்தக் குடும்பம். விட்டில் அதில் சேராது. ஆக, கம்ப்யூட்டர் உலகின் மிகப் புகழ்பெற்ற பக், பக்கே இல்லை. பெயரிலேயே பக்!

இப்போது அசல் பக் ஒன்றைப் பார்ப்போம். 2008-இல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளை வெள்ளையாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அடித்தாலும் லேசில் சாகவில்லை. விஞ்ஞானிகள் அதன் ஜாதகத்தைத் தோண்டினார்கள். இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து ஆள். அங்கே இதை அடக்கி வைக்க ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குட்டிக் குளவிகள் உண்டு. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவிகளை வரவழைத்து, வளர்த்து, தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சியின் ஆட்டம் அடங்கியது. யார், எந்த ஊர், யாருக்குப் பயப்படுவான் என்று விசாரித்ததால் கிடைத்த வெற்றி இது.

இரண்டு வேட்டைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் நாம் எறும்பைத் திட்டுகிறோம். ஆனால் எறும்பு வருவது மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக. நிஜக் குற்றவாளி இலைக்கு அடியில் இருக்கிறான். சி++ஸும் அப்படித்தான். ஐந்தாம் வரியில் செமிகோலனை விட்டால், கம்பைலர் பெரும்பாலும் ஆறாம் வரியைக் காட்டிக் கத்தும். ஆறாம் வரியை ஆயிரம் தடவை பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. ஒரு வரி மேலே போகணும். இந்தப் பாடம் சரியான நிரலைக் காப்பி அடித்தால் வராது, பிழையைத் துரத்தினால்தான் வரும்.

டொனால்ட் நூத் என்ற பெரிய கணிப்பொறி அறிஞர் தன் புத்தகத்தில் பிழையை முதலில் கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் தருவதாக அறிவித்தார். (256 சென்ட்! கணிப்பொறிக்காரர்களுக்குப் பிடித்த எண் ஆச்சே!) பலர் அந்தக் காசோலையை வங்கியில் போடாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்கள். 2008 முதல் ஒரு கற்பனைத் தீவின் வங்கிப் பெயரில் சான்றிதழ்தான் தருகிறார். அதற்கும் போட்டி! பிழை காட்டியவரை அவர் கௌரவிக்கிறார். நாமோ எர்ரர் வந்தால் திரையை மறைத்துக்கொண்டு பக்கத்து ஆளைப் பார்த்து எழுதுகிறோம்.

அதனால் என் யோசனை இதுதான். லேப் வாசலில் ஒரு லாங் சைஸ் நோட்டு தொங்கட்டும். பெயர் 'பூச்சி நோட்டு'. அதில் நான்கே கட்டம்: தேதி, எங்கே, என்ன ஆச்சு, எப்படிப் பிடித்தோம். பள்ளித் தோட்டத்துப் பூச்சிகளுக்கும் அதிலேயே பின்பக்கம் உண்டு. "இதையெல்லாம் எழுதினால் மார்க் குறையுமே" என்று பயப்படுவீர்கள். ரெக்கார்டு நோட்டு அப்படியே இருக்கட்டும், தேர்வுக்கு அதுதான் வேண்டும். பூச்சி நோட்டுக்கு மட்டும் மார்க்கும் வேண்டாம், திட்டும் வேண்டாம். ஆசிரியப் பெருமக்களே, இந்த ஒரு சலுகையைத் தாருங்கள். அடுத்த வருஷம் வருகிற தம்பி தங்கைகள் ஆறாம் வரியையே முறைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

பூச்சியைக் கண்டால் ஓடாதே!
பிழையைக் கண்டால் மூடாதே!

– பதினொன்றாம் வகுப்பு மாணவி